முளைப்பாரியை வளர்ப்பது யார்?

(தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றில், மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம், வாசகசாலைத் திண்ணையில் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் ஒரு முளையைப் பற்றியது. முளையைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டம் வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால், இதே ஊரில் போன வருஷத் திருவிழாவின்போது ஒரு முளையினால் ஒரு குடும்பம் என்ன பாடுபட்டது என்பது இங்கு வந்திருக்கும் தாய்மார்களுக்கு நம்மைவிட நன்றாய்த் தெரியும். ஒரு வீட்டில் மருமகள் போட்ட முளைப்பாரி சரியாய் வளரவில்லை. மற்ற வீட்டுச் சட்டிகளிலெல்லாம் ஒரு சாண் உயரம் வளர்ந்து நிற்க, அந்தச் சட்டியில் அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளைத்துப் பாக்கியெல்லாம் அழுகிப் போயிற்று. உடனே ஊரார் என்ன சொன்னார்கள்? “தீட்டோடு தொட்டிருக்கிறாள்” என்றார்கள். “இவள் காலடி வைத்த நேரம்” என்றார்கள். பிறகு மழை தவறியதற்கும் அவள்தான் காரணம் என்றார்கள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தையோடு அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மூன்று மாதம் கழித்தே திரும்பி வந்தாள்.

தோழர்களே! ஒரு வழக்கு என்றால் சாட்சி வேண்டும், விசாரணை வேண்டும். இந்த வழக்கில் சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை, நேரே தண்டனைதான். ஆகவே, நாம் கொஞ்சம் தாமதமாகவாவது விசாரணை நடத்தலாமென்று, அந்த வீட்டில் மீதியிருந்த அதே தானியத்தைக் கேட்டு வாங்கி, நூறு மணிகளை எண்ணி, ஈரத்துணியில் கட்டி வைத்தோம். பாதிகூட முளைக்கவில்லை. ஏன் என்று கேட்டதில், அந்தத் தானியம் அடுப்புக்கு நேர் மேலே பரணில் இரண்டு வருஷ காலம் புகையிலும் சூட்டிலும் கிடந்தது என்று தெரிய வந்தது. குற்றம் விதையிலே, தண்டனை பெண்ணுக்கு! இதுதான் நம் ஊர் நியாயம்.

இப்பொழுது இந்த மேஜைமேல் பாருங்கள். 4 சட்டிகள் இருக்கின்றன. 9 நாட்களுக்கு முன் கம்பும் ராகியும் கலந்து, ஒரே விதை, ஒரே மண், ஒரே எருவைக் கொண்டு போட்டவை. முதற் சட்டியை, குளித்து முழுகி, மஞ்சள் குங்குமம் இட்டு, சாம்பிராணி காட்டி, இருட்டறையில் வைத்து வளர்த்தோம். இரண்டாவது சட்டியையும் இருட்டறையில்தான் வைத்தோம்; ஆனால் அதற்குக் குங்குமமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. அன்றியும், அதன் விதையை நனைத்ததும், விதைத்ததும், முதல் மூன்று நாள் தண்ணீர் தெளித்ததும் வீட்டுவிலக்காயிருந்த நம் தோழியர் ஒருவர். அவர் தாமாகவே முன்வந்து செய்தார். மூன்றாவது சட்டிக்கு எல்லா மரியாதையும் உண்டு. மூன்று வேளையும் கற்பூரம் காட்டப்பட்டது. ஆனால் அதில் போட்ட விதையை முன்கூட்டியே வெந்நீரில் கொதிக்க வைத்துவிட்டோம். நான்காவது சட்டியை முற்றத்தில் வெளிச்சத்தில் வைத்தோம்.

பலனை நீங்களே பார்க்கிறீர்கள். முதலாவதும் இரண்டாவதும் ஒரே உயரம், ஒரே வெளுப்பு. எது பூசை செய்தது, எது “தீட்டு”ப் பட்டது என்று நாம் சட்டிக்கு அடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். பார்க்காமல் யாராவது கண்டுபிடித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். மூன்றாவது, கற்பூர வாசனையோடு அழுகிக் கிடக்கிறது. நான்காவது குட்டையாய், ஆனால் பச்சைப்பசேலென்று நிற்கிறது.

இதற்குக் காரணம் சொல்லுவதற்கு முன் இன்னொரு பரீட்சையையும் ஆரம்பித்து வைத்துவிடுகிறோம். அது முடிய 20 நிமிஷம் ஆகும். இதோ 3 கண்ணாடித் தம்ளர்கள். மூன்றிலும் கை பொறுக்கும் சூட்டில், சோறு வடித்த கஞ்சி இருக்கிறது. முதல் தம்ளரில் வேறொன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவதில், முளைகட்டி வெயிலில் காயவைத்து அரைத்த ராகி மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டிய தெளிவை 4 கரண்டி விடுகிறோம். மூன்றாவதிலும் அதே தெளிவுதான். ஆனால் அதை 10 நிமிஷம் கொதிக்க வைத்து ஆற்றி விடுகிறோம். இவை இப்படியே இருக்கட்டும். கடைசியில் வந்து பார்ப்போம்.

இனி காரணத்தைக் கேளுங்கள். ராகியானாலும், கம்பானாலும், நெல்லானாலும், ஒரு தானிய மணியில் இரண்டு பாகம் உண்டு. ஒன்று, மூலையில் ஒட்டிக் கொண்டிருக்கும் சிறிய முளைக்கரு. அதுதான் பிள்ளை. மற்றது, மணியை நிரப்பிக் கொண்டிருக்கும் மாவுச்சத்து. அது அந்தப் பிள்ளைக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. ஆனால் இந்தக் கட்டுச்சோற்றை அப்படியே பிள்ளை தின்ன முடியாது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகளை ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. மாலையாய் இருக்கும் வரையில் அது தண்ணீரில் கரையாது, இனிக்காது, வேருக்கும் தண்டுக்கும் போய்ச் சேராது. அதைத் துண்டு துண்டாய் நறுக்கினால்தான் சர்க்கரையாகி முளைக்கு ஆகாரமாகும்.

நறுக்குவதற்குக் கத்தரி வேண்டுமல்லவா? அந்தக் கத்தரிக்குத்தான் அமிலேஸ் என்று பெயர். இந்த மாதிரி வேலை செய்யும் பொருள்களை நொதிகள் என்று சொல்லுகிறார்கள். அமிலேஸிலும் இரண்டு வகை முக்கியம். ஆல்பா அமிலேஸ் என்பது மாலையை நடுவில் எங்கே கண்டாலும் நறுக்கும். பீட்டா அமிலேஸ் என்பது மாலையின் நுனியிலிருந்து இரண்டிரண்டு மணியாய்க் கத்தரித்துக் கொண்டே வரும். அந்த இரட்டை மணிக்கு மால்ட்டோஸ் என்று பெயர். முளைகட்டிய தானியத்தை வாயில் போட்டால் இனிப்பது இதனால்தான்.

காய்ந்த விதையில் ஆல்பா அமிலேஸ் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். தண்ணீர் உள்ளே போனவுடன் முளைக்கரு விழித்துக்கொண்டு ஜிப்பரெல்லின் என்கிற ஒரு பொருளைச் சுரந்து அனுப்புகிறது. மாவுச்சத்தைச் சுற்றி அலூரோன் என்ற மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. ஜிப்பரெல்லின் போய்ச் சேர்ந்ததும் அந்த உறை அமிலேஸைப் புதிதாய் உண்டாக்கி உள்ளே விடுகிறது. பிள்ளை அழுததும் தாய்க்குப் பால் சுரப்பது போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இதில் மந்திரம் எங்கே? தண்ணீர், காற்று, மிதமான சூடு, உயிருள்ள முளைக்கரு ஆகிய இந்த நான்கும் இருந்தால் நாஸ்திகன் வீட்டிலும் முளைக்கும். இல்லாவிட்டால் கர்ப்பக்கிருகத்தில் வைத்தாலும் முளைக்காது.

அப்படியானால், முளைப்பாரி வெளுத்து நீளமாய் வளருவானேன்? இருட்டில் வைப்பதால் வளருகிறது. வெளிச்சமில்லாத இடத்தில் பச்சையம் உண்டாகாது. முளை தன் கட்டுச்சோற்றையெல்லாம் செலவழித்து, வெளிச்சம் எங்கேயாவது கிடைக்காதா என்று தண்டை நீட்டிக்கொண்டே போகிறது. அதை நாம் அருள் என்கிறோம். உண்மையில் அது பசி. அந்த முதற் சட்டியை இன்னும் சில நாள் இருட்டிலேயே விட்டால், மாவு தீர்ந்ததும் செத்துவிடும். நான்காவது சட்டியோ வெளிச்சத்தில் தானே ஆகாரம் தயாரித்துக் கொண்டு பிழைக்கும். உயரமே செழிப்பு என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுகிறோம். ஜப்பானில் நெல் நாற்றுகள் சில அளவுக்கு மீறி நெட்டையாய், வெளுத்து வளர்ந்து, கதிர் பிடிக்காமல் போகிற ஒரு நோய் உண்டு. அங்குள்ள குடியானவர்கள் அதற்கு “முட்டாள் நாற்று” என்ற பொருளில் பெயர் வைத்தார்களே தவிர, சாமியின் கிருபை என்று கும்பிடவில்லை. 1926-இல் குரோசவா என்பவர் அது ஒரு காளானில் சுரக்கும் பொருளின் வேலை என்று காட்டினார். 1935-இல் யபுதா என்பவர் அந்தப் பொருளுக்கு ஜிப்பரெல்லின் என்று பெயரிட்டார். நாம் மேலே சொன்ன ஜிப்பரெல்லின் அதுதான்.

கோயில் கும்பாபிஷேகத்திலும், சில வீட்டுக் கலியாணங்களிலும், பாலிகை என்று இதையே புரோகிதர் மந்திரம் சொல்லி விதைக்கிறார். அவருக்குத் தட்சணை உண்டு. ஊர்ப் பெண் விதைத்தால் அவளுக்குப் பழி உண்டு. முளைத்தால் மந்திரத்தின் மகிமை, முளைக்காவிட்டால் பெண்ணின் தீட்டு! லாபமெல்லாம் ஒருவருக்கும் நஷ்டமெல்லாம் இன்னொருவருக்கும் என்று இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

“விதையின் யோக்கியதையைப் பார்ப்பதற்காகப் பெரியவர்கள் ஏற்படுத்திய வழக்கமாயிற்றே” என்று சிலர் சொல்லுகிறார்கள். இருக்கலாம். அப்படியானால் நமக்கும் சந்தோஷமே. விதைப்புக்கு முன் கொஞ்சம் விதையை முளைக்க வைத்துப் பார்ப்பது மிகவும் புத்தியுள்ள காரியம். ஆனால், பரீட்சை என்றால் முளைக்காதபோது விதையை மாற்ற வேண்டுமேயொழிய, மருமகளை மாற்றக்கூடாது.

“அந்த அமிலேஸையும் ஆண்டவன்தானே வைத்தான்?” என்று மற்றும் சிலர் கேட்கலாம். சரி, அப்படியே வைத்துக் கொள்ளுவோம். அவன் அதைக் கும்பிடுகிறவன் விதையிலும் வைத்தான், கும்பிடாதவன் விதையிலும் வைத்தான், களைச்செடியின் விதையிலும் வைத்தான். தீட்டுப் பார்த்து வைக்கவில்லை என்பது இந்த இரண்டாவது சட்டியிலிருந்து தெரிகிறது. ஆகவே நடுவில் தரகர் எதற்கு?

விதையில் மாத்திரமல்ல, நம் வாயிலும் அமிலேஸ் இருக்கிறது. ஒரு வாய்ச் சோற்றை விழுங்காமல் ஒரு நிமிஷம் மென்றுகொண்டே இருங்கள், இனிக்க ஆரம்பிக்கும். எச்சிலில் உள்ள அமிலேஸ் சோற்றை நறுக்குகிறது. பூணூல் போட்டவர் எச்சிலிலும் இந்த வேலைதான், சேரியில் இருப்பவர் எச்சிலிலும் இந்த வேலைதான். சோற்றுக்கு யார் வாய் என்று தெரியாது. ஒருவர் தண்ணீர் குடித்த தம்ளரை இன்னொருவர் தொடக்கூடாது என்று இன்னும் சில டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் மென்று பார்க்கட்டும்.

இனி இந்த அறிவு மேல்நாட்டில் எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். 1833-இல் பிரான்சு தேசத்தில் பாயன், பெர்சோ என்கிற இரண்டு ரசாயனக்காரர்கள், முளைகட்டிய பார்லியைத் தண்ணீரில் ஊறப்போட்டு வடித்த தெளிவில் சாராயத்தை விட்டார்கள். வெள்ளையாய் ஒரு வண்டல் அடியில் படிந்தது. அதற்கு டயாஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். அந்த வண்டல் ஒரு பங்கு, மாவுச்சத்து 2,000 பங்கைக் கரைக்க வல்லது என்றும், கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் கண்டார்கள். பிற்காலத்தில் நொதிகளுக்கெல்லாம் “ஏஸ்” என்று முடியும்படி பெயர் வைப்பது இந்தப் பெயரைப் பார்த்துத்தான்.

அந்தக் காலத்தில் அங்கேயும் பெரிய பெரிய பண்டிதர்கள், உயிருள்ள ஜந்துவுக்குள் ஏதோ ஒரு தனிச் சக்தி இருக்கிறது, அது இல்லாமல் இந்தக் காரியங்கள் நடவா என்று சொல்லி வந்தார்கள். 1897-இல் ஜெர்மனியில் பூக்னர் என்பவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து, உயிரணு ஒன்றுமில்லாத வெறும் சாற்றைக் கொண்டே சர்க்கரையைப் புளிக்க வைத்துக் காட்டினார். அதற்காக 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். 1926-இல் அமெரிக்காவில் சம்னர் என்பவர் வாளவரை வகையைச் சேர்ந்த ஒரு பயற்றிலிருந்து வேறொரு நொதியைப் படிகமாகவே எடுத்து, அது ஒரு புரதம் என்று நிரூபித்தார். ஆக, “தனிச் சக்தி” என்று சொன்னதெல்லாம் கடைசியில் கையில் எடுத்து எடை போடக்கூடிய ஒரு பொருளாய் முடிந்தது.

ஆனால் தோழர்களே! பாயனும் பெர்சோவும் பெயர் வைப்பதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே, இந்தக் கத்தரியை வேலை வாங்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். ராகியை ஊற வைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் காயவைத்து, எந்திரத்தில் அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? எந்தச் சாஸ்திரியாவது காய்ச்சினாரா? முளைகட்டத் தெரிந்தவள் அவள். முளைப்பாரிக்குப் பக்கத்தில் மூன்று நாள் போகக்கூடாதவளும் அவளே! இதைவிட அக்கிரமம் வேறென்ன இருக்க முடியும்?

இப்பொழுது விஷயத்தின் முக்கியமான பாகத்துக்கு வருகிறோம். தாய்மார்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். குழந்தைக்கு 6 மாதம் வரையில் தாய்ப்பால் ஒன்றே போதும். அதற்குப் பிறகு பாலோடு வேறு ஆகாரமும் வேண்டும். குழந்தையின் வயிறோ சிறியது. அதன் எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 மில்லி வீதந்தான் ஒரு வேளைக்குக் கொள்ளும். 8 கிலோ குழந்தைக்கு 240 மில்லி, அதாவது ஒரு தம்ளர். அந்த ஒரு தம்ளருக்குள் எவ்வளவு மாவு போகிறது என்பதில்தான் குழந்தையின் வளர்ச்சி இருக்கிறது.

சாதாரண ராகி மாவில் கஞ்சி காய்ச்சினால் என்ன ஆகிறது? மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து உப்பிக் களியாகிவிடுகிறது. அது நமக்குச் சரி. கீரைக் கடைசலோடு உருட்டி விழுங்கிவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவோம். குழந்தையால் விழுங்க முடியுமா? முடியாது. துப்புகிறது, அழுகிறது. தாய் என்ன செய்கிறாள்? தண்ணீரை விட்டு விட்டு நீர்க்க ஆக்குகிறாள். தம்ளர் நிறைகிறது, வயிறு நிறைகிறது. ஆனால் உள்ளே போனதில் பெரும்பாகம் தண்ணீர். இப்படியே மாதக்கணக்கில் நடந்தால் குழந்தை இளைத்துப் போகிறது. உடனே “கண்ணேறு” என்கிறார்கள், “பட்சிதோஷம்” என்கிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். தாயத்தில் எத்தனை கரண்டி மாவு இருக்கிறது என்று கேட்கிறோம்.

இந்தக் கஷ்டத்துக்கு மருந்து நாம் மேலே சொன்ன கத்தரிதான். கெட்டியாய்க் காய்ச்சின கஞ்சியை இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, கொதி அடங்கி ஆவி மட்டும் பறக்கும் சமயத்தில், முளைகட்டிய ராகி மாவு ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறினால், சில நிமிஷங்களில் அந்தக் கெட்டிக் கஞ்சி கண்முன்னே இளகி நீர்த்துப் போகும். தண்ணீர் ஒரு சொட்டும் விடவில்லை, மாவு குறையவில்லை, மாலை மாத்திரம் அறுந்துவிட்டது. இந்த முறையில், அதே ஒரு தம்ளருக்குள் முன்னைப்போல் இரண்டு பங்கு மாவைக் கூடக் குழந்தை குடிக்கும்படி செய்யலாம்.

இது நம் சொந்தக் கற்பனையல்ல. மைசூரில் 1950-இல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷி, தேசிகாச்சார் என்னும் இருவர், முளைகட்டிய ராகியையும் பச்சைப்பயற்றையும் சேர்த்து, காய்ச்சினாலும் கெட்டியாகாத குழந்தை உணவு ஒன்றைச் செய்து 1982-இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் பரோடாவில் தாரா கோபால்தாஸ் என்கிற அம்மையாரும் அவருடன் வேலை செய்தவர்களும், முளைத்தானிய மாவைச் சிறிதளவு சேர்த்தாலே கெட்டிக் கஞ்சி இளகிவிடுகிறது என்று காட்டி, “அமிலேஸ் நிறைந்த உணவு” என்று அதற்குப் பெயர் கொடுத்தார்கள். அமிலேஸ் வேலைக்குத் தானியங்களில் ராகி முளை மிகவும் நேர்த்தியானது என்பதும் இந்த ஆராய்ச்சிகளால் நன்றாய் விளங்கியிருக்கிறது.

ஆகவே செய்யவேண்டிய முறையைச் சொல்லுகிறோம். நல்ல புது ராகியைக் கல் மண் போகப் புடைத்துக் கழுவி, ஓர் இரவு ஊற வையுங்கள். தண்ணீரை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் கட்டி, இரண்டு நாள் தொங்க விடுங்கள். துணி காயாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். முளை விட்டதும் வெயிலில் நன்றாய்க் காயவைத்து, தேய்த்து முளையைப் புடைத்துவிட்டு அரையுங்கள். வாசனைக்காகச் சிவக்கச் சிவக்க வறுக்காதீர்கள். வறுத்தால் ருசி வரும். கத்தரி செத்துப் போகும். கொதிக்கிற கஞ்சியிலும் போடாதீர்கள். அப்பொழுதும் அது செத்துப் போகும். கஞ்சி இளகின பிறகு மறுபடியும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். மாவிலோ துணியிலோ இருந்த கிருமிகள் அதனால் சாகும். வேலை முடிந்துவிட்டதால் கத்தரி போவதைப் பற்றி அப்பொழுது கவலையில்லை. காய்ச்சின கஞ்சியைச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள், நேரமானால் கெட்டுவிடும். கொஞ்சம் பச்சைப்பயறு மாவும் சேர்த்தால் ராகியில் குறைவாயுள்ள புரதத்துக்கு ஈடாகும். ஒரே ஓர் எச்சரிக்கை: சோளத்தை முளைகட்டி இந்தப்படி செய்யாதீர்கள். சோள முளையில் விஷம் உண்டாகும் பொருள் இருக்கிறது. ராகிக்கு அந்தத் தோஷம் இல்லை.

கடையில் டப்பாவில் வரும் ராகி மால்ட்டுகளில் கத்தரி உயிரோடு இருக்கிறதா என்று விளம்பரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான கெட்டிக் கஞ்சியில் போட்டுப் பார்த்தால் ஐந்து பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். இளகினால் இருக்கிறது, இளகாவிட்டால் நீங்கள் கொடுத்த பணம் டப்பாவுக்கு.

ராகி ஏழைகள் தின்பது, அரிசிச் சோறுதான் கௌரவம் என்ற எண்ணம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. அரிசி 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராமை ஒட்டியே இருக்க, ராகியில் 340 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முளைகட்டினால் அதிலும் அதிக பாகம் உடம்பில் சேருகிறது. 2023-இல் அரசாங்கத்தார் நம் தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். நாம் விளைவித்ததை நாமே கேவலமென்று நினைத்து, பட்டணத்தார் அதையே டப்பாவில் அடைத்துப் பத்து மடங்கு விலைக்கு விற்கும்போது மாத்திரம் உயர்ந்ததென்று வாங்குவது சுயமரியாதைக்கு அழகா?

தோழர்களே! 20 நிமிஷம் ஆகிவிட்டது. தம்ளர்களுக்கு வருவோம். புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்தை மூன்றிலும் இரண்டிரண்டு சொட்டு விடுகிறோம். மாவுச்சத்து மாலை முழுசாய் இருந்தால் அயோடின் அதன் சுருளுக்குள் புகுந்து கருநீலமாய்க் காட்டும். மாலை அறுந்திருந்தால் நீலம் வராது. முதல் தம்ளரைப் பாருங்கள், கருநீலம். இரண்டாவது, முளைத் தெளிவு விட்டது. நீலம் இல்லை, மருந்தின் மஞ்சள் நிறந்தான் நிற்கிறது. மூன்றாவது, கொதிக்க வைத்த தெளிவு விட்டது, மறுபடியும் கருநீலம். கொதிக்க வைத்தால் செத்துப்போகிறது என்றால் அது சாமியா, பொருளா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அயோடின் விட்டதை யாரும் குடித்துவிடாதீர்கள், கீழே கொட்டிவிடுங்கள்.

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றில் ஒன்றையும் நீங்கள் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். சட்டி உங்களிடம் இருக்கிறது, விதை இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. அயோடின் மருந்துக் கடையில் கிடைக்கிறது. நாம் சொன்னதில் தப்பிருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், திருத்திக் கொள்ளுகிறோம். இந்தப் பேச்சைத் திருவிழா மேடையில் எந்தப் பூசாரியாவது பேசத் தயாரா?

வருகிற வாரம் திருவிழா. முளைப்பாரி போடாதீர்கள் என்று சொல்லி உங்கள் கும்மியையும் பாட்டையும் கெடுக்க நாம் வரவில்லை. கூடி ஆடுங்கள், பாடுங்கள். நாம் கேட்பது இரண்டே காரியம். ஒன்று, எந்த வீட்டுச் சட்டியாவது முளைக்காவிட்டால், விதையைப் பாருங்கள், தண்ணீரைப் பாருங்கள். பெண்ணின் முகத்தைப் பார்க்காதீர்கள். இரண்டாவது, சட்டியில் போடும் தானியத்தோடு ஒரு படி ராகியையும் நனைத்து முளைகட்டுங்கள். சட்டியில் இருப்பது ஒன்பதாம் நாள் ஆற்றிலோ கிணற்றிலோ போய்விடும்; துணியில் இருப்பது குழந்தையின் வயிற்றுக்குப் போகும்.

போன வருஷம் பழி சுமந்த அந்தப் பெண் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று நாம் தேடப் போவதில்லை. இருந்தால், அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுகிறோம்: அம்மா, உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. ஊரார் சார்பாக மன்னிப்புக் கேட்கும் அதிகாரம் நமக்குக் கிடையாது. ஊரார் தாங்களே கேட்க வேண்டும். அதுவரையில், இந்த இரண்டாவது சட்டியை இந்த வாசகசாலைத் திண்ணையிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டுப் போகிறோம்.